மீனைக் கழித்து முகர்ந்தவர்

"மீன்" என்றார் மூக்கு சார்.

மேலாளர் அவர் கையிலிருந்த சோப்பை வாங்கி, மூக்கில் தேய்க்காத குறையாக முகர்ந்து பார்த்தார். "ரோஜா வாசனைதானே சார் வருது?"

"மேல ரோஜா. அடியில மீன். எண்ணெய் டாங்கைத் திறந்து பார்க்கணும்."

"டாங்கைத் திறந்தா லைன் மூணு நாள் நிக்கும் சார்!"

"நிக்கட்டும். இந்த பேட்ச் வெளியே போகாது."

நிராகரிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூக்கு சார் தன் அறைக்குப் போய்விட்டார். அந்த வாரத்தில் அது நான்காவது பேட்ச்.

அந்தச் சோப்புத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அவர் மூக்கு சொன்னதுதான் தீர்ப்பு. அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். எந்தச் சோப்பும் செய்த அன்றைக்கு மணக்கத்தான் செய்யும். எண்ணெய் சரியில்லாத சோப்பு இரண்டு மாதம் கழித்துத்தான் தன் குணத்தைக் காட்டும். இரண்டு மாதம் கழித்து ஊருக்கே நாறப்போவது மூக்கு சாருக்கு இன்றைக்கே நாறும். அதற்காகத்தான் அவரை வைத்திருந்தார்கள்.

அந்த மூக்குக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தலைக்கு எண்ணெய் கிடையாது, முகத்துக்குப் பவுடர் கிடையாது, வேலை நாளில் வெங்காயம் கிடையாது. நாற்பது வகை வாசனைச் சோப்புக்குக் கையெழுத்துப் போடுகிறவர், வீட்டில் வாசனையே இல்லாத சோப்பில் குளித்தார். அவர் மனைவி கடைசியாக செண்ட் போட்டுக்கொண்டது கல்யாணத்தன்று.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடும்போது மூக்கு சாருக்கு ஒரு ஏப்பம் வந்தது. சாதாரண ஏப்பம்தான். ஆனால் அது தொண்டையைத் தாண்டும்போதே அவருக்கு ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

பத்து நாளைக்கு முன்னால்தான் டாக்டர் அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு விசில் அடித்திருந்தார்.

"டிரைகிளிசரைடு அறுநூத்திப் பன்னெண்டு! இது ரத்தமா, வெண்ணெயா? இப்படியே விட்டா கணையம் வீங்கிடும் சார். வலி வந்தா உருண்டு புரளுவீங்க. சாப்பாட்டைக் குறைங்க, நடங்க. கூடவே தினம் மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுங்க."

"கொழுப்பைக் குறைக்கக் கொழுப்பையே சாப்பிடறதா? எங்க தொழிற்சாலையில கொழுப்போட கொழுப்பு சேர்த்தா, கொழுப்பு ரெண்டு மடங்காத்தான் ஆகும் டாக்டர்."

"உங்க கொதிகலன் வேற, ஈரல் வேற. நீங்க சாப்பிட்டதுல மிஞ்சினதை ஈரல் கொழுப்பா மாத்தி, பொட்டலம் கட்டி, ரத்தத்துல அனுப்பிக்கிட்டே இருக்கு. மீன் எண்ணெயில இருக்கிற கொழுப்பு அமிலம் ஈரலுக்குப் போய் 'பொட்டலம் கட்டினது போதும்'னு கையைப் பிடிக்கும். உடம்பும் கொழுப்பைச் சேர்க்கிறதை விட்டுட்டு எரிக்க ஆரம்பிக்கும்."

"டாக்டர், நான் மூக்கை வச்சுப் பொழைக்கிறவன். மீனுக்குப் பதிலா செடி கொடியிலேருந்து எடுக்கிற எண்ணெய் ஏதாவது..."

"செடி எண்ணெய் உடம்புக்குள்ள போய் மீன் எண்ணெய் மாதிரி மாறணும். நூறுல அஞ்சாறு பங்கு மாறினாலே அதிகம். உங்க அறுநூத்துக்கு அது எந்த மூலைக்கு? மீன்தான். கொஞ்சம் ஏப்பத்துல வாடை வரும். பொறுத்துக்குங்க."

மருந்துக்கடைக்கு மனைவிதான் போனாள். கடைத் தெருவில் அவளுக்குத் தெரியாத கடையும் இல்லை, அவள் நின்று பேசாத கடையும் இல்லை. வாங்கி வந்ததும் மாத்திரைகளை ஒரு பழைய கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி, காலிக் குப்பியைக் குப்பையில் போட்டாள். "மேல மீன் படம் கிடம் போட்டிருப்பான், பார்த்தாலே உங்களுக்குக் குமட்டும்" என்றாள். தினமும் காலையில் மூக்கு சார் இரண்டு விரலால் மூக்கை இறுகப் பிடித்துக்கொள்வார், கண்ணை மூடிக்கொள்வார், வாயைத் திறப்பார். மனைவி மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவாள். உலகத்திலுள்ள எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்கிறவர் அதை மட்டும் ஒரு தடவைகூட முகரவில்லை.

இப்போது அந்த ஏப்பத்தோடு அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மாத்திரை ஆரம்பித்தது பத்து நாள் முன்பு. சோப்பில் மீன் வாடை வர ஆரம்பித்தது எட்டு நாள் முன்பு. மீன் சோப்பில் இல்லை, தன்னிடம்தான் இருக்கிறது. தன் வாய் வாடைக்காகத் தான் நாலு பேட்ச் நல்ல சோப்பைத் தள்ளிவைத்திருக்கிறோம்!

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியின் முகத்துக்கு நேராகப் போய் நின்றார்.

"என் மேல மீன் வாடை அடிக்குதா பாரு."

மனைவி முகர்ந்தாள். "தெரியலையே."

"நல்லாப் பாரு. சட்டையில. கையில."

"நீங்க சொன்னப்புறம் லேசா அடிக்கிற மாதிரிதாங்க இருக்கு."

மூக்கு சார் தன் கையை முகர்ந்தார். சந்தேகமே இல்லை, மீன்தான். இரண்டு தடவை கழுவியும் விரல் நுனியில் லேசாக நின்றது.

"மாத்திரையைப் பிரிட்ஜுல உறைய வச்சுச் சாப்பிட்டா ஏப்பம் வராதாம், பக்கத்து வீட்டுல சொன்னாங்க" என்றாள் மனைவி.

மறுநாளிலிருந்து மாத்திரை கல்லு மாதிரி ஆகி உள்ளே போனது. ஏப்பம் நின்றது. வாடை நிற்கவில்லை. முன்பாவது ஏப்பம் வந்தால் வாடை எங்கிருந்து வருகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது அந்த ஆதாரமும் போய்விட்டது. அந்த வாரம் இன்னும் மூன்று பேட்சைத் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை ஓர் அதிசயம் நடந்தது. நாள் முழுவதும் மீன் வாடையே இல்லை. கையில் இல்லை, சட்டையில் இல்லை, தலையணையில்கூட இல்லை. மூக்கு சார் உட்கார்ந்து யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்ன விசேஷம்? தாமதமாக எழுந்ததால் மாத்திரையை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டிருக்கிறார்.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினார். "வெறும் வயித்துல போட்டதுதான் தப்பு. வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுப் போட்டா வாடை அமுங்கிடுது!"

"உங்க மூளைக்கு ஈடு உண்டாங்க" என்றாள் மனைவி. அவள் பாராட்டியது உண்மையாகவே.

திங்கட்கிழமை மாத்திரைப் பாட்டிலைத் தொழிற்சாலைக்கே எடுத்துப் போனார். காலையில் மாத்திரையே போடாமல் முதல் பேட்சை முகர்ந்தார். மீன். முன்னைவிட அதிகமாக. நேற்றுப் போட்ட மாத்திரையின் மிச்சம் என்று முடிவு கட்டினார். போதாக்குறைக்கு, மாத்திரைக்கு முன்னால் வயிறு நிறைய வேண்டும் என்று மத்தியானம் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டு, நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டார். மேலாளர் வந்து எழுப்பினார்.

"சார், உங்களை நம்பித்தானே இத்தனை வருஷம் ஓடுது? பிரசவ ஆஸ்பத்திரிகளுக்குக் குழந்தை சோப்பு போகணும். முப்பது ஆஸ்பத்திரி. பிறந்த குழந்தைக்கு முதல் குளியலே நம்ம சோப்புலதான். கெடு வெள்ளிக்கிழமை. நீங்க என்னடான்னா எல்லாத்தையும் தள்ளிக்கிட்டே இருக்கீங்க. இன்னைக்கு ஒரு முடிவு தெரியணும்."

பேக்கிங் பிரிவிலிருந்து ஐந்து பெண்களை மேலாளர் வரவழைத்தார். ஆளுக்கு ஒரு குழந்தை சோப்பைக் கையில் கொடுத்தார்.

"மோந்து பார்த்துச் சொல்லுங்கம்மா. மீன் வாடை வருதா?"

ஐந்து பேரும் முகர்ந்தார்கள். மூத்த அக்கா பதில் சொன்னார். "எங்களுக்கு என்ன சார் தெரியும்? பதினஞ்சு வருஷமா இதுக்குள்ளேயே கிடக்கிறோம். வீட்டுல பால் தீஞ்சாக்கூட பக்கத்து வீட்டுல வந்துதான் சொல்றாங்க."

"அதாவது, மீன் வாடை வரலை?"

"எந்த வாடையும் வரலை."

"கேட்டீங்களா சார்? அஞ்சு பேரும் வரலைங்கறாங்க" என்று மேலாளர் வெற்றியோடு திரும்பினார். திரும்பியவர் கண்ணில், மேஜை மேலிருந்த மாத்திரைப் பாட்டில் பட்டது. "அது என்ன?"

மூக்கு சாருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஈரல், பொட்டலம், அறுநூற்றுப் பன்னிரண்டு, மீன் எண்ணெய், ஏப்பம் எல்லாம்.

கேட்கக் கேட்க மேலாளரின் முகத்தில் ஒளி ஏறியது. கடைசியில் எழுந்து வந்து மூக்கு சாரைக் கட்டிக்கொண்டார்.

"வயித்துல பால் வார்த்தீங்க சார்! டாங்குல கோளாறோன்னு நான் எத்தனை நாள் நிம்மதியில்லாம இருந்தேன் தெரியுமா? கோளாறு உங்க வயித்துலதான். இனிமே ஒரு கவலையும் இல்லை. ரெண்டே வழி. ஒண்ணு மாத்திரையை விடுங்க. இல்லைன்னா மூக்கை விடுங்க. கோந்துப் பிரிவுல ஒரு நாற்காலி காலியா இருக்கு."

கோந்துப் பிரிவில்தான் அட்டைப்பெட்டி ஒட்டுவார்கள். மூக்கு சார் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் அந்தப் பக்கம் மூச்சு விட்டுக்கொண்டு நடந்ததில்லை.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் ஓடினார். டாக்டர் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். மறுநாள் முடிவு வந்தது. அறுநூற்று ஒன்பது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடறீங்களா?"

"சாப்பிடாமலா டாக்டர் ஊரே என் மேல மீன் வாடை அடிக்குதுங்குது?"

"அப்போ உங்க ஈரல் சாமானியப்பட்டது இல்லை. டோஸை ரெட்டிப்பாக்குங்க."

மூக்கு சாருக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மீனும் எங்கே போயிற்று? ரத்தத்துக்குப் போகவில்லை, ஈரலுக்குப் போகவில்லை, எல்லாம் நேராக மூக்குக்குத்தான் ஏறியிருக்கிறது. ரத்தத்தைக் காப்பாற்றினால் மூக்கு போகும். மூக்கைக் காப்பாற்றினால் கணையம் போகும். கொதிகலனில் எத்தனை டன் கொழுப்பைக் கொட்டினாலும் சோப்பாக்கித் தள்ளுகிற இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, தன் உடம்பிலிருக்கும் ஒரு கரண்டிக் கொழுப்பை ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு அழுதார். பக்கத்தில் நின்றவர் ஒரு கைக்குட்டையை நீட்டினார். அதில் மல்லிகை செண்ட் போட்டிருந்தது. மூக்கு சார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார். "நாளையிலேருந்து மாத்திரை வேணாம். கணையம் வீங்கினா வீங்கட்டும்."

"என்னங்க விளையாடறீங்க? கோந்து ஒட்டினாலும் ஒட்டுங்க, உயிரோட இருங்க."

"மூக்கு இல்லாம நான் யாருன்னு சொல்லு பார்ப்போம். அந்தத் தொழிற்சாலையில என் பேராவது ஒருத்தருக்குத் தெரியுமா?"

அவருக்குச் சோறு போட வந்த மனைவி கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

புதனும் வியாழனும் மாத்திரை இல்லை. மருந்தில்லாத மூக்கோடு தொழிற்சாலைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டு ஒரு குழந்தை சோப்பை எடுத்து முகர்ந்தார்.

மீன்.

டாக்டருக்குப் போன் போட்டார். "நிறுத்தி ரெண்டு நாளாச்சு டாக்டர். இன்னும் போகலையே?"

"யார் உங்களை நிறுத்தச் சொன்னது? நிறுத்தினாலும் அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்தக் கொழுப்பு உங்க ஒவ்வொரு செல்லோட சுவர்லயும் போய் உட்கார்ந்துக்கும். முழுசா வெளியேற ரெண்டு மூணு மாசம் ஆகும்."

போனை வைத்துவிட்டு மூக்கு சார் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடம்பில் கோடிக்கணக்கான செல்கள் இருக்குமாம். அத்தனையிலும் சுவருக்குச் சுவர் மீன். இனி தான் ஒரு மனிதனே இல்லை, சட்டை போட்ட மீன் கூடை என்று நினைத்துக்கொண்டார். சிரிப்பதற்காக அப்படி நினைக்கவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் வந்தார். ஒரு கையில் அனுமதித் தாள்கள், இன்னொரு கையில் கோந்துப் பிரிவு மாற்றல் உத்தரவு. இரண்டையும் மேஜையில் வைத்தார்.

"லாரி வாசல்ல நிக்குது சார்."

மூக்கு சார் முதல் சோப்பை எடுத்தார். முகர்ந்தார். பாலாடை, கொஞ்சம் வெனிலா, அடியில் மீன். கண்ணை மூடி யோசித்தார். அடியில் இருப்பது தன்னுடைய மீன். தன்னுடையதைக் கழித்துவிட்டால்? பாலாடை, வெனிலா. அவ்வளவுதான். அருமையான சோப்பு!

"பாஸ்" என்றார்.

மேலாளர் மூச்சை விட்டார்.

அடுத்த பேட்ச். மீனைக் கழித்தார். பாஸ். அதற்கடுத்தது. மீன் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது; அதற்கேற்ப அதிகமாகக் கழித்தார். பாஸ். பழக்கம் வர வர வேகமும் வந்தது. தள்ளிவைத்திருந்த ரோஜா, சந்தனம், எலுமிச்சை எல்லாவற்றையும் கொண்டு வரச் சொல்லி, மீனைக் கழித்துக் கழித்துக் கையெழுத்துப் போட்டார். பதினெட்டு பேட்ச். பகல் பன்னிரண்டு மணிக்குள் கிடங்கே காலி.

லாரிகள் போனபோது பேக்கிங் பிரிவு வாசலில் நின்று கை தட்டியது. மேலாளர் மாற்றல் உத்தரவை நாலாகக் கிழித்துப் போட்டார்.

"இந்த மாதிரி ஒரு முறையை உலகத்துலேயே எவனும் கண்டுபிடிச்சிருக்க மாட்டான் சார்! புதுசா வர்றவங்களுக்கும் இதைச் சொல்லிக் குடுங்க."

மூக்கு சாருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகத் தன் மூக்கு ஒன்று சொல்ல, தான் வேறொன்று எழுதியிருக்கிறோம் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பரவாயில்லை என்று தேற்றிக்கொண்டார். கழித்தது சரியாகத்தான் இருக்கும். கழிக்கத் தெரிந்தபிறகு மாத்திரையை நிறுத்தவும் காரணமில்லை. மூக்கு பாதி போய்விட்டது, ரத்தமாவது பிழைக்கட்டும். டாக்டர் சொன்னபடி இன்றைக்கே ரெட்டை டோஸாக ஆரம்பித்துவிடலாம்.

வீட்டுக்குப் போகிற வழியில், முதல் முறையாக அவரே மருந்துக்கடைக்குப் போனார். கடையில் வெள்ளைக் கோட்டு போட்ட அம்மாள் ஒருவர் இருந்தார். மூக்கு சார் மனைவியின் பேரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஓ, அவங்க வீட்டுக்காரரா? வாங்க சார், வாங்க. உங்களைப் பத்திச் சொல்லாத நாள் இல்லை. என்ன வேணும்?"

"அதே மாத்திரைதாம்மா. ரெண்டு பாட்டிலாக் குடுங்க. டோஸ் ரெட்டிப்பாயிடுச்சு" என்றார் மூக்கு சார். அந்த அம்மாளின் குரலிலிருந்த கனிவில், அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கி வந்துவிட்டது. "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, இந்த மீன் எண்ணெய் என் பொழைப்பையே முழுங்கிடுச்சு. மூக்கெல்லாம் மீன், கையெல்லாம் மீன், எந்தச் சோப்பை எடுத்தாலும் மீன்."

அலமாரிப் பக்கம் திரும்பியிருந்த அந்த அம்மாள் கையில் இரண்டு பாட்டிலோடு திரும்பி, அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மீன் எண்ணெயா? நீங்க மூக்கை வச்சுப் பொழைக்கிறவர்னு வீட்டம்மா முதல் நாளே சொன்னாங்களேன்னு பாவம் பார்த்து, அன்னையிலேருந்து உங்களுக்கு மீனே சேராத ஆளிவிதை எண்ணெய் மாத்திரைதானே சார் குடுத்துக்கிட்டிருக்கேன்!"